சீரகம்தான்

தாமரைக்கு நாலு வயது. வெள்ளையாக இருப்பதை மட்டும்தான் சாப்பிடுவாள். வெறும் சோறு, சட்னி படாத இட்லி, ஓரம் பிய்த்த ரொட்டி. சோற்றில் ஒரு மஞ்சள் புள்ளி தெரிந்தால் போதும், வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். அந்த வாயைத் திறக்க வைக்க, அவள் அம்மா விஷ்ணுப்ரியா கிள்ளானில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி முழுக்கக் கிண்ணத்தோடு அலைந்திருக்கிறாள். காக்கா காட்டினாள், லிஃப்டில் ஏற்றி இறக்கினாள், அப்பாவுக்கு ஒரு வாய், அத்தைக்கு ஒரு வாய் என்று சொந்தக்காரர் பெயரெல்லாம் சொல்லித் தீர்த்தாள். கிளினிக்கில் எடை பார்த்த தாதி ஒன்றும் சொல்லவில்லை, விஷ்ணுப்ரியாவை ஏற இறங்கப் பார்த்தாள். அதுவே அவளுக்குக் கூசிப்போய்விட்டது.

கணவன் குரு லோரி ஓட்டுபவன். அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பிள்ளை நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுக்க விரதம் தொடங்கினான். மீன் சட்டியைத் தானே தேய்த்துக் கழுவி அக்காள் வீட்டில் கொண்டுபோய் வைத்தான். தரையில் பாய் விரித்துப் படுத்தான். கூட்டாளிகள் நெத்திலி வைத்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் பிரித்தால், தேநீரை எடுத்துக்கொண்டு எழுந்து போய் லோரிக்குள் உட்கார்ந்து குடித்தான்.

அவன் முருகனை நம்பினான், அவள் ரேஷ்மாவை நம்பினாள். ரேஷ்மாவுக்கு அலுவலகத்தில் பக்கத்து மேசை, காப்பாரில் வீடு. காய்ந்த நெத்திலியை எண்ணெய் இல்லாமல் வறுத்து மாவாக அரைத்து ஒரு போத்தலில் கொண்டுவந்து கொடுத்தாள். பருப்புச் சோற்றில் ஒரு கரண்டி கலந்தால் போதும், தன் மகன் அப்படித்தான் தேறினான் என்றாள்.

விரதம் அவருக்குத்தானே, பிள்ளைக்கு என்ன என்று விஷ்ணுப்ரியா தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். நல்ல நியாயம்தான். அப்புறம் எதற்குப் போத்தலைத் துணி சோப்புக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள் என்று மட்டும் கேட்கக்கூடாது.

முதல் வாயை, லிஃப்ட் கதவு திறப்பதைத் தாமரை வேடிக்கை பார்த்த சமயத்தில் திணித்தாள். துப்பப் போன பிள்ளை நிறுத்தியது. மென்றது. பிறகு தானாக வாயைத் திறந்தது. விஷ்ணுப்ரியா அங்கேயே, மூன்றாம் மாடி நடைபாதையில் நின்று அழுதுவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துத் தாமரை கிண்ணத்தை முகர்ந்து பார்த்து, மீன் வாசம் வருகிறதே என்றாள்.

“மீன் இல்லம்மா. சீரகம்தான். அப்பா கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும், சரியா?”

தாமரை பெரிய மனுஷிபோல் தலையாட்டினாள்.

மகள் தட்டு வைத்துச் சாப்பிடுவதைப் பார்த்து குருவுக்குத் தலைகால் புரியவில்லை. முருகன் கேட்டுட்டார் என்று அக்காளிடம் சொன்னான், கூட்டாளிகளிடம் சொன்னான், கோயிலில் முன்பின் தெரியாதவர்களை நிறுத்தி வைத்தும் சொன்னான். விஷ்ணுப்ரியா பக்கத்தில் நின்று சிரித்து வைத்தாள். உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். அவன் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டாள். பயந்துதான் விட்டாள்.

ஒரு சாயங்காலம் அவள் குளித்துவிட்டு வந்தபோது, தாமரை மிச்சம் வைத்த தட்டை குரு விரலால் வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பிள்ளை வைத்த மிச்சத்தை அவன் ஒருநாளும் குப்பையில் போட்டதில்லை. அது அவளுக்குத் தெரியாததா? தெரிந்தும், மீன் அவன் வாய்க்கும் போகும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

“இந்தப் பருப்பு மட்டும் எப்படி இவ்ளோ ருசியா இருக்கு? என்ன போடுற?”

“சீரகம்,” என்றாள்.

அன்றிலிருந்து மிச்சத்தை அவன் வருவதற்குள் தானே அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். பொடியை நிறுத்தப் பார்த்தாள். தாமரை அன்றே வாயை மூடிக்கொண்டாள். மறுநாள் பொடி திரும்பவும் சோற்றில் விழுந்தது. குரு விரதத்துக்கென்று வெறும் காலோடு நடந்து வீட்டுக்குள் வரும்போதெல்லாம் அவளுக்கு அவன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

பூசத்துக்கு முந்தின நாள் மாலை, குரு சமையலறைத் தரையில் உட்கார்ந்து புளி போட்டுப் பால்குடத்தைத் துலக்கிக்கொண்டிருந்தான். இதற்கு மேல் அவளால் முடியவில்லை. நெத்திலி, ரேஷ்மா, போத்தல், அவன் வழித்துத் தின்ற மிச்சம், எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

அவன் குடத்தைத் திருப்பி அடிப்பக்கத்தைத் தேய்த்தான்.

“அப்போ புள்ள சாப்பிட்டது அதனாலதானா?”

“ம்.”

“முருகன் கேக்கலையா?”

விஷ்ணுப்ரியா இத்தனை நாளும் மீனைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். இந்தக் கேள்வி வரும் என்று நினைக்கவே இல்லை. அவமானத்தில் காதெல்லாம் சுட்டது.

அப்போது கூடத்திலிருந்து தாமரை தட்டோடு வந்தாள். இரண்டு வாய் சோறு மிச்சம் இருந்தது. அப்பாவைக் கண்டதும் நேராக அவனிடம் போய் ஒரு வாய் அள்ளி நீட்டினாள். குரு வாயைத் திறக்கவில்லை. மகள் சாப்பிடாமல் அடம்பிடித்த நாள்களில் எப்படி இறுக்கி மூடிக்கொள்வாளோ, அப்படியே மூடிக்கொண்டிருந்தான்.

தாமரைக்கு இது புது விளையாட்டாக இருந்தது. ஜன்னல் பக்கம் கை காட்டி, காக்கா பார் என்றாள். அத்தைக்கு ஒரு வாய் என்றாள். அம்மா செய்வதில் ஒன்றுகூட விடாமல் செய்து பார்த்தாள். எதற்கும் அவன் மசியவில்லை என்றதும், அவன் காதருகே குனிந்து அம்மாவின் குரலிலேயே சொன்னாள்:

“மீன் இல்லப்பா. சீரகம்தான்.”

குருவின் கை குடத்தின் மேல் நின்றது. அவன் நிமிர்ந்து விஷ்ணுப்ரியாவைப் பார்த்தான்.

“இவளுக்கும் சொல்லிக் குடுத்துட்டியா?”

தாமரை இன்னும் அந்த ஒரு வாய்ச் சோற்றை நீட்டிக்கொண்டே இருந்தாள்.