எலோடி எழுத மறுத்த சோகம்

என் தங்கை மகள் எலோடி பள்ளியில் படித்த காலம் முழுக்க வீட்டுப்பாடம் எழுதியதே இல்லை. அதை வைத்து அவளைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. பிடித்ததை எடுத்துவிட்டால் சாப்பாடுகூட மறந்து படிப்பாள். எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அவளுக்கு ஆகாது. “தெரிஞ்சத எதுக்கு மறுபடியும் எழுதிக் காட்டணும்?” என்பாள். ஆசிரியர்கள் பூஜ்யம் போட்டார்கள், அவளும் அலட்டிக்கொள்ளாமல் வாங்கிக்கொண்டாள். பரீட்சையில் நன்றாக எழுதினாலும் அந்தப் பூஜ்யங்கள் எல்லாம் சேர்ந்து அவளைக் கீழே இழுத்தன. மதிப்பெண் பட்டியல் முழுக்க சி கிரேடு, வேதியியலில் மட்டும் டி.

பள்ளி விட்டதும் அவள் நேராகப் போவது மருத்துவமனைக்கு. என் தங்கை மொனீக் அங்கே டயாலிசிஸ் வார்டில் நர்ஸ். புருஷன் விட்டுவிட்டுப் போனபின், பிள்ளையை வீட்டில் தனியாக விட மனமில்லாமல் அங்கேயே ஒரு மூலையில் உட்கார வைத்துப் பழக்கினாள். அந்த மூலையில் உட்கார்ந்து சிறுநீரகத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் எலோடி படித்துத் தள்ளினாள். நோயாளிகளிடம் போய்க் கேள்வி கேட்பாள், டாக்டர்கள் வந்தால் அவர்களையும் விடமாட்டாள். டாக்டர் ஆகவேண்டும் என்று எப்போது முடிவு செய்தாள் என்று எங்களுக்குத் தெரியாது. வேறு எதுவும் ஆகப்போவதாக அவள் சொன்னதே இல்லை.

அப்புறம்தான் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வு வந்தது. லூயிஸ்டனில் எங்கள் பள்ளியில் அதுவரை யாரும் வாங்காத மதிப்பெண்ணை அவள் வாங்கினாள்.

கல்லூரி ஆலோசகர் ஹாஸ்கெல் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். அதிகாரிகள் முன்னால் மொனீக்குக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், அதனால் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். ஹாஸ்கெல் மேசையில் அவளுடைய மதிப்பெண் பட்டியல், எஸ்.ஏ.டி. முடிவு என இரண்டு தாள்களை அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது ரெண்டும் ஒரே பொண்ணோடதுன்னா யாரும் நம்பமாட்டாங்க. எலோடி, உனக்கு மூளை இருக்கு, நான் இல்லைங்கல. ஆனா முதல்ல நாலு வருஷம் டிகிரி படிக்கணும். அதுல நல்ல சராசரி இருந்தாத்தான் மெடிக்கல் காலேஜ் உன்னத் திரும்பியே பார்க்கும். ஸ்கூல் ஹோம்வொர்க்கே எழுதாத ஆளு அங்க போய் என்ன பண்ணுவே? நர்சிங் யோசிச்சுப் பாரேன்.”

“எங்கம்மா நர்ஸ், சார். டாக்டராக முடியாதவங்களுக்குக் கொடுக்கிற ஆறுதல் பரிசா அது?”

ஹாஸ்கெலின் காது சிவந்துபோனது. மொனீக் மேசைக்கு அடியில் மகள் காலை மிதித்தாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்.

“சரி, ஒரு வழி இருக்கு. விண்ணப்பத்தோட ஒரு கட்டுரை எழுதணும். மார்க் ஏன் குறைஞ்சதுன்னு அதுல சொல்லலாம். உங்கப்பா குடும்பத்த விட்டுட்டுப் போனது, அந்த மன பாதிப்பு... மனசத் தொடுற மாதிரி எழுதினா காலேஜ்ல எடுத்துப்பாங்க.”

“அவர் போனப்ப நான் குட்டிப் பொண்ணு. பீட்சா வாங்கிக் கொடுத்துட்டுப் போனார். அதுக்கப்புறம் வீட்ல சத்தமே இல்ல, நிம்மதியாத் தூங்கினேன். அதையா எழுதச் சொல்றீங்க?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக்கிச் சமாளித்தேன்.

காரில் ஏறியதும் மொனீக் பிடித்துக்கொண்டாள். “எழுதினா என்னடி கொறஞ்சுபோயிடுவே? அந்த ஆளால நமக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. இதுக்காச்சும் உதவட்டுமே!”

“நான் எழுதாததுக்கு நான்தான் காரணம்மா. பிடிக்கல, எழுதல. இதுல அவர எதுக்கு இழுக்கணும்?”

“ஜெரார்ட், நீயாச்சும் சொல்லேன்!”

“நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டறவன். கட்டுரையப் பத்தி எனக்கு என்ன தெரியும்?” என்று தப்பித்துக்கொண்டேன்.

அவள் எழுதிய கட்டுரையை எனக்குக் காட்டினாள். வீட்டுப்பாடம் பிடிக்கவில்லை, எழுதவில்லை. அது முட்டாள்தனம் என்று இப்போது புரிகிறது. இதற்கு வீட்டில் யாரும் காரணமில்லை. சாரம் இவ்வளவுதான். எஞ்சிய இடம் முழுக்கச் சிறுநீரகம் எப்படி உப்பைப் பிரிக்கிறது என்று எழுதியிருந்தாள். ஹாஸ்கெல் அதைப் படித்துவிட்டு மொனீக்குக்குப் போன் போட்டார். மொனீக் எனக்குப் போன் போட்டு அழுதாள்.

மார்ச்சில் பதில்கள் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக மறுப்புத்தான். கடைசியில் இரண்டு இடங்களில் மட்டும் கிடைத்தது. ஒன்று வடக்கே இருக்கும் எங்கள் மாநிலக் கல்லூரி. இன்னொன்று மாசசூசெட்ஸில் இருக்கும் ஆஷ்காட் கல்லூரி. பேர்போன தனியார் கல்லூரி அது, கட்டணத்தில் பெரும்பகுதியையும் தள்ளுபடி செய்திருந்தார்கள். அவ்வளவு பெரிய எஸ்.ஏ.டி. மதிப்பெண் தங்கள் கணக்கில் இருந்தால் அவர்களுக்கும் பெருமைதானே. மொனீக் அந்த வாரமே ஆஷ்காட் ஸ்டிக்கர் ஒன்றை வரவழைத்துக் காரின் பின்கண்ணாடியில் ஒட்டினாள். வார்டில் எல்லோருக்கும் கேக் கொடுத்தாள்.

ஏப்ரலில் மூன்று பேரும் ஆஷ்காட்டுக்குப் போனோம். பெரிய மண்டபம், சுவர் முழுக்கப் பழைய படங்கள், பெற்றோர் கையிலெல்லாம் காபிக் கோப்பை. மருத்துவப் படிப்புக்கு வழிகாட்டும் பொறுப்பில் இருந்தவர் மேடையேறினார். “எங்க காலேஜ்லேருந்து மெடிக்கலுக்கு விண்ணப்பிக்கிறவங்கள்ல நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு இடம் கிடைக்குது” என்றார். கைதட்டல் எழுந்தது, மொனீக்கும் தட்டினாள்.

எலோடி கையைத் தூக்கினாள்.

“முதல் வருஷத்துல டாக்டராகணும்னு எத்தனை பேர் சேர்றாங்க, சார்?”

“நிறைய பேர் ஆர்வத்தோட வருவாங்க. போகப்போக வேற துறை பிடிச்சுப்போகும்...”

“நூறு பேர் சேர்ந்தா கடைசியில விண்ணப்பிக்கிறது எத்தனை பேர்?”

“அப்படி ஒரு கணக்கு நாங்க வச்சுக்கிறதில்ல.”

“தொண்ணூறுக்கு மட்டும் கணக்கு வச்சிருக்கீங்களே?”

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். மேடையில் இருந்தவர் அடுத்த கேள்வி யாருடையது என்று கேட்டார். மொனீக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

எங்களுக்கு வளாகத்தைச் சுற்றிக் காட்டியது அங்கேயே படிக்கும் ஒரு பெண். கார் நிறுத்தும் இடம்வரை கூட வந்தவள், சுற்றிலும் பார்த்துவிட்டு எலோடியிடம் தாழ்ந்த குரலில் பேசினாள்.

“நீ கேட்டது சரிதான். மெடிக்கலுக்கு விண்ணப்பிக்கிறப்ப காலேஜ் ஒரு பரிந்துரைக் கடிதம் கொடுக்கணும். மார்க் கொஞ்சம் கொறைஞ்சாலும் அத எழுதித் தரமாட்டாங்க. கடிதம் இல்லாம யாரு விண்ணப்பிப்பா? அப்புறம் தொண்ணூறு வராம என்ன பண்ணும்?”

“உனக்குக் கொடுப்பாங்களா?”

“நான் இப்ப பொருளாதாரம் படிக்கிறேன்” என்றாள் அந்தப் பெண்.

திரும்பும் வழியெல்லாம் மொனீக் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு வந்தாள்.

மாநிலக் கல்லூரியைப் பார்க்க வடக்கே போன அன்று மொனீக் வேலை இருக்கிறது என்று சொல்லி வராமல் இருந்துகொண்டாள். பனி கரைந்து எங்கும் ஒரே சேறு. அங்கே மண்டபமும் இல்லை, காபியும் இல்லை. வார்னம் என்ற பேராசிரியை ஆய்வகத்திலேயே எங்களை நிற்க வைத்துப் பேசினார். எலோடி அதே கேள்வியைக் கேட்டாள்.

“பாதிக்கு மேல விட்டுட்டு ஓடிடுவாங்க” என்றார் வார்னம். “விண்ணப்பிக்கிறவங்கள்லயும் பாதிப் பேருக்குத்தான் கிடைக்கும்.”

“பரிந்துரைக் கடிதம்?”

“கேக்கிற எல்லாருக்கும் எழுதுவேன். உழைக்கலன்னா உழைக்கலன்னு எழுதுவேன்.” அவள் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “வேதியியல்ல டி. வாரா வாரம் இங்க கணக்குப் போட்டுத் தரணும். அதுக்கும் மார்க் உண்டு. உன் எஸ்.ஏ.டி.யக் காட்டி ஒண்ணும் தப்பிக்க முடியாது.”

“தெரிஞ்ச கணக்கையும் போடணுமா?”

“தெரிஞ்சத முதல்ல போடணும்.”

எலோடிக்கு முகம் கடுகடுத்தது. வெளியே வந்து சேற்றுச் செருப்பைப் படியில் தேய்த்தபடி, “எனக்கு இவங்களப் பிடிக்கல மாமா” என்றாள்.

“அப்ப ஆஷ்காட்தானா?”

“இல்ல. இங்கதான் சேரப்போறேன். பொய் சொல்றவங்ககிட்டப் போய் நல்ல பேர் வாங்கறதுக்கு இங்க திட்டு வாங்கிக்கலாம்.”

மொனீக் கேட்டதும் வெடித்தாள். “ஊரே ஆஷ்காட்னு பேசுது! நீ யாரப் பழிவாங்கறே?”

“அந்தத் தொண்ணூறு பேர்ல நான் இருக்கமாட்டேன்மா, எனக்குத் தெரியும். விண்ணப்பிக்கவே விடாம அனுப்பிடுவாங்களே, அந்தக் கூட்டத்துல ஒருத்தியாத்தான் ஆவேன். என்னப் பத்தி எனக்குத் தெரியாதா?”

ஹாஸ்கெலும் போன் செய்து பார்த்தார். பள்ளி வரவேற்பறைச் சுவரில், பிள்ளைகள் சேர்ந்த கல்லூரிகளின் வரிசையில், ஆஷ்காட் பெயரைப் போட அவர் இடம் ஒதுக்கி வைத்திருந்தாராம். “அங்க ஒரு பூச்சட்டி வைங்க சார்” என்று எலோடி போனை வைத்துவிட்டாள்.

அவள் அங்கே போய்ச் சேர்ந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். முதல் பருவத்தில் பழைய பழக்கத்தை விடவில்லை. பாதிக் கணக்குகளைத்தான் கொடுத்தாள், வேதியியலில் சி வந்தது. கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வந்தவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். நர்சிங் பிரிவில் இன்னும் இடம் இருக்கிறது என்று மொனீக் மெல்ல ஆரம்பித்ததும் எழுந்து போய்விட்டாள். ஜனவரியிலிருந்து மாறினாள். வாராவாரம் என்னைக் கூப்பிட்டு வார்னமைத் திட்டுவாள். திட்டிக்கொண்டே எல்லாக் கணக்கையும் போட்டுக் கொடுப்பாள். “இது அந்தம்மாவுக்காக இல்ல மாமா. நான் சோம்பேறின்னு அவங்க எழுதிடக் கூடாதுல்ல, அதுக்குத்தான்” என்பாள். அடுத்த பருவத்தில் பி, அதற்குப்பின் பெரும்பாலும் ஏ.

முதல்முறை விண்ணப்பித்தபோது மருத்துவக் கல்லூரி எதுவும் எடுக்கவில்லை. பெட்ரோல் நிலையத்தில் ஹாஸ்கெல் என்னைப் பார்த்து, “அப்பவே சொன்னேன்” என்றார். நான் பெட்ரோல் போட்டுவிட்டுக் கிளம்பினேன். எலோடியிடம் சொன்னபோது, “அடுத்த வருஷமும் விண்ணப்பிப்பேன், அப்பவும் அதையே சொல்லத் தயாரா இருக்கச் சொல்லுங்க” என்றாள். ஓர் ஆண்டு ஆம்புலன்ஸில் வேலை பார்த்தாள். மறுபடி விண்ணப்பித்தாள்.

நேர்முகத்தில் அந்த முதல் பருவத்து சி பற்றிக் கேட்டார்களாம். வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று அங்கேயும் ஒருவர் இரக்கத்தோடு கேட்டிருக்கிறார். “இல்லை. கணக்குப் போடாமல் ஏமாற்றப் பார்த்தேன், மாட்டிக்கொண்டேன்” என்று சொல்லியிருக்கிறாள்.

ஒரு மருத்துவக் கல்லூரி எடுத்துக்கொண்டது.

சேதி வந்தபோது மொனீக் வார்டில் இருந்தாள். நானும் எலோடியும் அங்கேயே போனோம். மொனீக் ஒரு நோயாளிக்கு ஊசி செருகிக்கொண்டிருந்தாள். வேலையை முடித்து, கையுறையைக் கழற்றிப் போட்டபின்தான் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். எலோடி கல்லூரியின் பெயரைச் சொன்னாள்.

மொனீக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “நான் கேள்விப்பட்டதே இல்லையேடி” என்றாள்.

“இனிமே கேள்விப்படுவே” என்றாள் எலோடி.