மூன்றாவது துகள்

கண் மருத்துவமனையிலிருந்து ஆய்வகத்துக்கு மூன்று துகள்கள் வந்திருந்தன. சொட்டு மருந்துக் குப்பிகளில் மிதந்தவை. அவை என்னவென்று தெரிந்தால்தான் அந்த மருந்தை நிறுத்துவதா, தொடர்வதா என்று அங்கே முடிவெடுக்க முடியும். முதல் துகளை ஒரு பேராசிரியருக்குக் காட்டப்போய் லேசரில் கருக்கினார்கள். இரண்டாவது, பத்திரிகைப் படம் எடுக்கையில் போயிற்று.

மூன்றாவதை ஆய்வாளரான அவள் யாரையும் நெருங்கவிடவில்லை. லேசரைக் கண்ணுக்கே எட்டாத அளவுக்குக் குறைத்துவைத்து, துகளிலிருந்து திரும்பும் ஒளியைத் துளித்துளியாகச் சேர்த்து நிறமாலையாக்க ஏழு மணி நேரம் பிடிக்கும். ஐந்து முடிந்திருந்தது. திரையில் கோடு தூக்கக் கலக்கத்தில் எழுதிய கையெழுத்தாக நெளிந்தது. அவள் கழுத்தும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது.

இயக்குநர் ஒரு துறைச் செயலாளரோடு உள்ளே வந்தார். ‘துகளுக்கு நோகாமல் ஒளி அளவீடு’ என்ற பதாகையை வாசலில் நேற்றே கட்டியாயிற்று.

“என்னம்மா, கோடு செத்துக் கிடக்கு?”

“மெதுவாத்தான் சார் வரும். இன்னும் ரெண்டு மணி நேரம்.”

“ஐயா பத்து நிமிஷத்துல கிளம்பணும். துகள்கிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லு.”

“வேணாம் சார், கருகிடும்...”

அவர் லேசரைக் கூட்டும் குமிழைத் திருகிவிட்டார். கோடு துள்ளி எழுந்தது. அகலமாக இரண்டு மேடுகள்.

“பாத்தீங்களா ஐயா, என்ன தெளிவு!”

“அந்த ரெண்டு மேடும் என்ன?” என்றார் செயலாளர்.

இயக்குநர் அவளைப் பார்த்தார்.

“கரி,” என்றாள்.

“கண் மருந்துல கரியா! அடேயப்பா, கண்டுபிடிச்சுட்டீங்களே!” செயலாளர் கைதட்டினார். இயக்குநரும் தட்டினார்.

வழியனுப்பிவிட்டு வந்தவர், “அறிக்கையில அதையே போட்டுடும்மா. பெரியவங்க வாயால வந்துடுச்சு” என்றார்.

“நாம எரிச்ச கரி சார் அது.”

“கரின்னா கரிதானே?”

அவளுக்கு வாதாடத் தெம்பில்லை. தட்டச்சு செய்ய மட்டும் இருந்தது. மருத்துவமனைக்கு எழுதினாள்: ‘மூன்று துகள்களையும் நாங்களே எரித்துவிட்டோம். கடைசித் துகள் எரியுமுன் பதிவான கோடு இணைப்பில். அதை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல இயலாது. வேறு குப்பிகள் இருந்தால் அனுப்புங்கள். அதுவரை மருந்தை நிறுத்திவைப்பது நல்லது.’

தோளுக்குப் பின்னாலிருந்து இயக்குநர் படித்தார்.

“நாங்கன்னு எதுக்கும்மா போடறே?”

“நீங்கன்னு மாத்தட்டுமா சார்?”



“நாங்கன்னே இருக்கட்டும்,” என்றார்.

அவள் அனுப்பினாள்.