மதிவதனியின் முட்டி வலி

பொய் சொல்வதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். மதிவதனிக்கு அது துளியும் கிடையாது. இருந்தும் தன்னைப் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தாள், முட்டி விஷயத்தில் வசமாக மாட்டிக்கொள்ளும் வரைக்கும்.

உண்மையில் அது முட்டி விஷயமே இல்லை. அவளுக்கு மாதாமாதம் வருவது அளவோடு வராது, மடை திறந்த மாதிரி வரும். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு வேலை. மனுவும் கையுமாக வருகிறவர்கள் மெஷினை விட்டு நகர விடமாட்டார்கள். ஒரு பேடு தாங்காது என்று இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொள்வாள். அதுவும் சாதாரண ரகம் இல்லை. வாடை தெரிந்துவிடுமோ என்ற பயத்தில், மல்லிகை வாசனை போட்டு, ஓரமெல்லாம் பிளாஸ்டிக் வைத்து, இருப்பதிலேயே நீளமாக எது இருக்கிறதோ அதைத் தேடி வாங்குவாள். வாசனை என்னவோ நன்றாகத்தான் இருந்தது. தொடை இடுக்குதான் சிவந்து, தடித்து, தோல் உரிந்து, மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. அதன்மேல் அவளே வாசனைப் பவுடரை வேறு கொட்டிக்கொண்டாள். வைத்தியம் பார்க்கிறாளாம்.

இந்த அழகில் ஒருநாள் கால்களை அகட்டி அகட்டி வீட்டுக்குள் நுழைந்தவளைப் பார்த்து, ஏன் இப்படி நடக்கிறாய் என்று மாமியார் காசியம்மாள் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். புருஷன் திருமலை டிவியிலிருந்து தலையைத் திருப்பினான். கொழுந்தன் பாலாஜி செல்போனிலிருந்து நிமிர்ந்தான். இத்தனை கண்ணுக்கு நடுவில் தொடை இடுக்கு என்ற வார்த்தை வாயில் எப்படி வரும்? முட்டி வலி என்றுவிட்டாள்.

அவ்வளவுதான், வீட்டில் எல்லோரும் முட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் காலை முடக்கத்தான் தோசை. காசியம்மாள் வலியின் அருமை தெரிந்தவள். ஒரு காலத்தில் பத்து வருஷம் இடுப்பு வலியில் கிடந்து, வேலூரில் ஆபரேஷன் ஆன பிறகுதான் நிமிர்ந்தாள் என்று அந்தக் குடும்பத்தில் எல்லோரும் சொல்வார்கள். அந்த நாளில் தனக்குத் தேய்த்த அதே தைலத்தை வாங்கி வரச் சொல்லி, மருமகள் முட்டியில் சூடு பறக்கத் தேய்த்தாள். திருமலை மெடிக்கலில் முட்டி உறை வாங்கி வந்தான். மதிவதனி அதை ஒருநாள் வலது காலில் மாட்டினாள், மறுநாள் இடது காலில் மாட்டினாள். எந்த முட்டி என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. காசியம்மாள் அந்த உறையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

இது போதாதென்று இன்னொரு பொய்யும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் தூரம் என்றால் மூன்று நாள். மூன்று நாளும் பூஜை அறைப் பக்கம் போகக்கூடாது; நாலாம் நாள் தலைக்கு ஊற்றிக்கொண்டு விளக்கேற்ற வேண்டும். மதிவதனிக்கோ ஒன்பது நாள் போகும். அதைச் சொன்னால் ஏன், எதற்கு, எவ்வளவு என்று கேள்வி வரும். அதற்குப் பயந்து நாலாம் நாளே ஈரத் தலையோடும் இரண்டு பேடோடும் சாமி முன்னால் போய் நிற்பாள். அண்ணாமலையாரே, கண்டுக்காதீங்க என்று மனசுக்குள் கெஞ்சிவிட்டுத் திரியைத் தூண்டுவாள்.

இப்படியே ஓட்டியிருக்கலாம். திருமலைதான் எலும்பு டாக்டரிடம் போய் முட்டியில் ஒரு ஊசி போட்டுவிடலாம் என்று ஆரம்பித்தான். மதிவதனி உடனே வலி சுத்தமாக விட்டுப்போச்சு என்று சொல்லி, நம்பிக்கைக்கு நாலு குதி குதித்தும் காட்டினாள். அதைப் பார்த்துத் திருமலைக்குக் கண் கலங்கியது.

"நான் வேண்டிக்கிட்டது வீண் போகல மதி. உனக்கு முட்டி சரியாச்சுன்னா ரெண்டு பேரும் செருப்பில்லாம மலை சுத்துறோம்னு வேண்டியிருந்தேன். வர்ற பௌர்ணமிக்கே போயிடலாம்" என்றான்.

அந்தப் பௌர்ணமி வந்தபோது அவளுக்கு ஐந்தாம் நாள். வீட்டாருக்கு அவள் சுத்தம். உடம்போ நிற்பதாக இல்லை. முட்டி மறுபடி வலிக்கிறது என்றால் ஊசி. தூரம் இன்னும் நிற்கவில்லை என்றால், நேற்று விளக்கேற்றியதற்கு என்ன பதில் சொல்வது? இரண்டு பக்கமும் கதவைச் சாத்திக்கொண்டது அவளேதான். தன் மூளையை நினைக்க அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

சாயங்காலம் ராஜகோபுரத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிவிட்டுக் கிளம்பினார்கள். ரமணாசிரமம் தாண்டும்போதே எரிச்சல் தொடங்கிவிட்டது. வழியில் கட்டணக் கழிப்பறை வந்தது. அங்கே நின்ற வரிசையைப் பார்த்து, பையிலிருந்த பேடுகளை மாற்றாமலே நடந்தாள். தொள தொள பேன்ட் போட்ட வெள்ளைக்காரப் பெண்கள் காலை வீசி நடப்பதைப் பார்த்தபோது அவளுக்குப் பொறாமையாக இருந்தது. அவள் அன்னநடை நடப்பதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டு திருமலையும் கூடவே மெதுவாக வந்தான். அவளுக்கு மூச்சு வாங்கியது. கொஞ்ச மாதமாகவே கடைப் படி ஏறினால்கூட அப்படித்தான். வயசாகிறது என்று முப்பத்துநாலு வயதில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடி அண்ணாமலை வந்ததும் காது அடைத்தது. விளக்கெல்லாம் ஒன்றாகக் கலங்கின. ஒரு சுக்குக் காப்பிக் கடையின் பெஞ்சைப் பிடித்தது மட்டும்தான் தெரியும்.

கண் விழித்தபோது தரையில் கிடந்தாள். கடைக்காரி பாஞ்சாலை முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். திருமலை மண்டி போட்டு அவளுடைய வலது முட்டியை மாவு பிசைவது போலப் பிசைந்துகொண்டே, முட்டி வலிதான், வேறொன்றும் இல்லை என்று கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். கூட்டத்தில் ஒருவர் முட்டிக்கு எருக்க இலை கட்டச் சொன்னார். இன்னொருவர் அது வேலைக்காகாது, ஒத்தடம்தான் என்றார். மதிவதனிக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. இங்கேயே செத்துப்போனால்கூட முட்டி வலியில் செத்தாள் என்றுதானே சொல்வார்கள்?

"முட்டிய விடுங்க" என்றாள். "முட்டிக்கு ஒண்ணுமே இல்ல. எப்பவுமே இல்ல. எனக்கு ரத்தம் ஜாஸ்தி போவுது. மாசா மாசம் ஒன்பது நாளு. தொடையெல்லாம் புண்ணா இருக்குது. இப்பவும் போயிட்டுதான் இருக்குது."

முட்டி வைத்தியர்கள் இருவருக்கும் உடனே மலை சுற்றும் ஞாபகம் வந்துவிட்டது. திருமலையின் கை அப்படியே நின்றது. அப்ப விளக்கேத்தினியே என்று கேட்பான், என்ன சொல்வது என்று அவள் தேடிக்கொண்டிருந்தாள். அவன் கேட்கவில்லை. "இத்தனை மாசமாவா?" என்று மட்டும் கேட்டான். தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் இடுப்பைச் சுற்றிக் கட்டினான். பிறகு குறுக்குச் சாலையில் ஆட்டோ பிடிக்க ஓடினான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் காசியம்மாளும் கூட வந்தாள். லேடி டாக்டர் பார்த்துவிட்டு, அந்த மல்லிகை வாசனையும் பிளாஸ்டிக்கும்தான் தோலைப் பதம் பார்த்திருக்கிறது, அதையும் பவுடரையும் இன்றோடு தூக்கிப் போடு என்றார். சுத்தமாகத் துவைத்து வெயிலில் காயவைத்த பருத்தித் துணி போதும், ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டும் என்றார். களிம்பு எழுதிக் கொடுத்தார். ரத்த அளவு பன்னிரண்டு இருக்க வேண்டியது ஏழுதான் இருந்தது. இதை வைத்துக்கொண்டா மலை சுற்றினாய் என்று திட்டிவிட்டு, எதனால் இவ்வளவு போகிறது என்று பார்க்க ஸ்கேனுக்கு அனுப்பினார். திருமலை பணம் கட்டப் போனான்.

ஸ்கேன் அறை வாசலில் மாமியாரும் மருமகளும் உட்கார்ந்திருந்தார்கள். விளக்கு விஷயத்தை எப்படி எடுப்பது என்று மதிவதனி திணறினாள்.

"நீ காலை மாத்தி மாத்தி உறைய மாட்டுனப்பவே எனக்குத் தெரியும்" என்றாள் காசியம்மாள்.

"அப்ப ஏன் அத்தே கேக்கல?"

"கேட்டா, எனக்குத் தெரிஞ்சது எப்படின்னு நீ கேப்பியே."

மதிவதனிக்குப் புரியவில்லை. காசியம்மாள் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி பேசினாள். "வேலூர்ல எனக்கு இடுப்புலயா ஆபரேஷன் பண்ணாங்க? கர்ப்பப்பைய எடுத்தாங்கடி. அதுக்கு முன்ன பத்து வருஷம் எனக்கும் இப்படித்தான் கொட்டுச்சு. ஏன் சுருண்டு படுத்திருக்கேன்னு உங்க மாமா நாலு பேர் முன்னாடி கேட்டாரு. இடுப்பு வலின்னுட்டேன்."

பத்து வருஷத் தைலம். மதிவதனிக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். கையில் இன்னும் அந்தத் தைல வாடை இருந்தது.

கதவைத் திறந்து நர்ஸ், மதிவதனி யார் என்று கூப்பிட்டாள். என்ன பிரச்சினை என்று கூடமே கேட்கும்படி கேட்டாள். ஆம்பளைகள் பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். பழக்கதோஷத்தில் மதிவதனியின் வாயில் "மு" வரைக்கும் வந்துவிட்டது.

அதற்குள் காசியம்மாள் எழுந்துவிட்டாள்.

"ரத்தம் ஜாஸ்தி போவுதும்மா. ஒன்பது நாளு" என்றாள், நர்ஸைவிடச் சத்தமாக. "முட்டியெல்லாம் நல்லா இருக்குது."