பூண்டுக் கணப்பும் கண்ணாடித் துண்டுகளும்

அமானுல்லா கொடைக்கானல் பஜாரில் பூண்டுக்கடை வைத்திருக்கிறார். மேல்மலைக் கிராமமான பூண்டியிலிருந்து வரும் மூட்டையில் கொஞ்சம் ஈரம் பட்டிருந்தால் போதும், மனுஷனுக்கு இருப்புக் கொள்ளாது. கடைக்குப் பின்னால் கரிக்கணப்பு மூட்டி, இரும்புத் தகட்டைப் போட்டு, எல்லாவற்றையும் உலர்த்திவிட்டுத்தான் டீ குடிப்பார்.

மகள் ஆஃப்ரா மதுரையில் பிஎச்.டி. செய்கிறாள். லீவுக்கு வந்தவள், தன் ஆராய்ச்சியை அத்தாவுக்கு விளக்கிப் பார்த்தாள். ஒளி பட்டால் உலோகத்தின் மேற்பரப்பில் எலக்ட்ரான்கள் கூட்டமாக அலையடிக்குமாம். அதற்குப் பிளாஸ்மான் என்று பெயராம். தங்கத்திலும் வெள்ளியிலும் அந்த ஒளி நிறையச் சூடாகி வீணாகிறது. அலுமினியம் கொஞ்சம் கலந்த துத்தநாக ஆக்சைடைக் கண்ணாடியில் மெல்லிசாகப் பூசினால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் நஷ்டம் குறைவு.

"தங்கத்தவிட நஷ்டம் கம்மியா? அப்ப நல்ல சரக்குதான்," என்றார் அமானுல்லா. வேறொன்றும் அவர் மண்டையில் ஏறவில்லை. ஆனால் பெருமை தாங்கவில்லை.

அப்படிப் பூசிய கண்ணாடித் துண்டுகள் ஜன்னலோரம் ஒரு டப்பாவில் இருந்தன. திங்கட்கிழமை பெங்களூரில் அவற்றை அளந்து பார்க்க மெஷின் கிடைத்திருந்தது. மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய முறை அது. விட்டால் இந்த வருஷம் ஆய்வேடு முடியாது.

மறுநாள் வெள்ளனே டப்பாவைப் பார்த்தவருக்குப் பகீரென்றது. மூடி சரியாக மூடவில்லை. மூடுபனி இறங்கி, கண்ணாடியெல்லாம் முத்து முத்தாக ஈரம். பிள்ளை அசந்து தூங்குகிறாள், எழுப்புவானேன்? துண்டுகளைத் தகட்டில் பரப்பி, கணப்பை நன்றாக விசிறி, பொட்டு ஈரமில்லாமல் காய்ச்சி எடுத்துத் துணியில் பொதிந்து வைத்தார்.

ஆஃப்ரா எழுந்து வந்து, பூச்சில் மின்சாரம் ஓடுகிறதா என்று மீட்டரை வைத்துப் பார்த்தாள். மின்தடை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

"அத்தா, இதச் சூடு காட்டுனீங்களா?"

"ஈரமாக் கெடந்துச்சும்மா. ஏன், கெட்டுப்போச்சா?"

"வெறும் காத்துல அம்புட்டு சூடு பட்டா ஆக்சிஜன் உள்ள ஏறிரும்த்தா. ஓடுற எலக்ட்ரான் கொறஞ்சுரும். இனி அந்த அலை வராது."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

ஆஃப்ரா தன் பேராசிரியருக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல் கணீரென்று கேட்டது.

"தெரியாம நான்தான் சார் ஹீட் பண்ணிட்டேன்," என்றாள்.

"இவ்வளவு அலட்சியமான ஆளை நம்பி எப்படி அனுப்பறது? மெஷினை வேற ஆளுக்குக் குடுத்துடறேன்."

அமானுல்லாவுக்குப் பொறுக்கவில்லை. போனை வெடுக்கென்று பிடுங்கினார்.

"சார், அவ அத்தா பேசுறேங்க. கணப்புல வச்சது நான்தாங்க. புள்ள தூங்கிக்கிட்டு இருந்துச்சு. புத்திகெட்டத்தனம் என்னோடது, அவளோடது இல்லீங்க."

பேராசிரியரின் குரல் தணிந்தது. "ஞாயித்துக்கிழமைக்குள்ள புதுசாப் பூசி எடுத்தா அவளே போகட்டும். உடனே கெளம்பி வரச் சொல்லுங்க."

ஆஃப்ரா அழுதேவிட்டாள். "ஏன்த்தா சொன்னீங்க? அவரு ஒங்களப் பத்தி என்ன நெனைப்பாரு?"

"நெனைச்சுட்டுப் போறாரு. என்னைய நம்பியா மெஷினக் குடுக்கப் போறாரு? வெரசாக் கெளம்பு தாயி," என்றார் அமானுல்லா. அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.