மாஸ்டர் ஒட்டிய மாங்கொப்பு

கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் குடியேறி இருபது வருடமாகியும், கண்டி மாம்பழத்தை மாம்பழம் என்று ஒத்துக்கொள்ளப் பரமநாதன் மாஸ்டருக்கு மனம் வரவில்லை. பழமென்றால் யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பான்தான். போன வருடம் மனைவி திரேசாவின் தம்பி றமணன் ஊரிலிருந்து அதன் ஒட்டுத்தடி ஒன்று கொண்டுவந்தான். வீட்டு வளவு மாமரத்தில் தானே ஒட்டுவதாக மாஸ்டர் ஏணியில் ஏறிவிட்டார். திரேசா ஏணியைப் பிடித்தாள்.

"அத்தான், உங்கட கைக்கு ஒட்டுப் பிடிக்காது," என்றான் றமணன். அந்தச் சொல் மாஸ்டருக்குச் சுருக்கென்று தைத்தது.

பிறகு ஒரு பெருமழையில் ஒட்டைச் சுற்றிய கட்டு அவிழ்ந்து விழுந்தது. எந்தக் கொப்பில் ஒட்டினோம் என்பதும் மறந்துபோனது. மனைவியைக் கேட்டால் மானம் போய்விடுமே! நல்லவேளையாக, ஒரு கொப்பில் தடித்த இலைகளோடு ஏதோ செழித்து வளர்ந்தது. அதுதான் என்று முடிவுகட்டினார். அதற்குச் சத்துப் போகட்டுமென்று மற்றக் கொப்புகளில் துளிர்த்ததையெல்லாம் தேடித்தேடி வெட்டினார். அது செம்மஞ்சள் நிறத்தில் குழல்குழலாகப் பூத்தபோது திரேசா ஒரு மாதிரிப் பார்த்தாள். மலைநாட்டுக் குளிருக்குப் பூ நிறம் மாறும் என்று சொல்லிவிட்டார். கணக்கு மாஸ்டரிடம் விளக்கத்துக்கா பஞ்சம்?

கம்பளையில் ஒரு கல்யாணத்துக்கு வந்த றமணன் வீட்டுக்கும் வந்தான். அவனை இருக்கவும் விடாமல் மாஸ்டர் மரத்தடிக்கு இழுத்துப்போனார். 'பிடிச்சிட்டுது அத்தான்' என்று அவன் வாயால் கேட்கவேண்டும். அதற்காகத்தான் ஒரு வருடமாகக் காத்திருந்தார்.

றமணன் அண்ணாந்து பார்த்தான். அவன் சிரிக்கவில்லை.

"அத்தான், உது குருவிச்சை. குருவி போட்ட விதையில முளைச்சு மரத்தை உறிஞ்சிற சாமான்."

"அப்ப என்ர ஒட்டு?"

தேத்தண்ணியோடு வந்த திரேசா பதில் சொன்னாள். "ஏணி பிடிச்சது நான். மதில் பக்கக் கொப்பிலதான் ஒட்டினீங்கள். அது பிடிச்சுத் தளிரும் விட்டது. வெட்டாதேங்கோ எண்டு சொன்னனான். மாமரத்தைப் பற்றி உனக்கென்ன தெரியுமெண்டு கேட்டியள்."

மாஸ்டருக்கு அழுகை வரும்போல இருந்தது. அவர் கைக்கு ஒட்டுப் பிடித்துத்தான் இருக்கிறது. பிடித்ததை அதே கையால் வெட்டி எறிந்திருக்கிறார்.

றமணன் பையைத் திறந்து, ஈரத்துணி சுற்றிய புதுத் தடியொன்றை எடுத்தான்.

"எதுக்கும் இருக்கட்டுமெண்டு கொண்டு வந்தனான்."

மாஸ்டர் கையை நீட்டினார். அவன் அதை அக்காவிடம் கொடுத்தான்.

திரேசா செருப்பைக் கழற்றினாள். மாஸ்டர் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.