எந்த விரதம்?

தெய்வானைக்கு அன்று காலையெல்லாம் தலைகால் புரியவில்லை. வயிற்றுக் கொழுப்பைப் பற்றியும், உடம்பு சர்க்கரையைச் செலவழிக்கும் விதத்தைப் பற்றியும் அவள் எழுதிய ஆய்வுக் கட்டுரை வெளிநாட்டு இதழில் வந்திருந்தது. போன வாரம் உள்ளூர்த் தமிழ்ப் பத்திரிகையும் அவள் படத்தைப் போட்டு, 'விரதம் இருந்தால் தொப்பை கரையும்' என்று கொட்டை எழுத்தில் அறிவித்துவிட்டது. ஜுரு வட்டாரத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, இடுப்பளந்து, இரத்தம் எடுத்துச் செய்த ஆராய்ச்சி. அடிக்கடி விரதம் இருப்பவர்களுக்குத் தொப்பை குறைவாக இருந்தது. பட்டினி கிடக்கும்போது உடம்பு தன் கொழுப்பைத் தானே எரித்துக்கொள்கிறது என்று அவள் காரணமும் சொல்லியிருந்தாள்.

அந்தப் பெருமைக்கு ஆயுசு ஜெலுத்தோங் சந்தை வரைதான். வறுத்த நூடுல்ஸ் விற்கும் மீ கோரெங் கடையில் அவளுக்கு முன்னால் நின்றவள் காமினி. ஆய்வுக்கு இரத்தம் கொடுத்தவர்களில் ஒருத்தி.

"அண்ணே, முட்டை போடாதீங்க. புரட்டாசி விரதம் லா. பெரிய பொட்டலமா கட்டுங்க."

"விரதம்னு சொல்லிட்டு மீ வாங்குறியேம்மா?" என்று தெய்வானை சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"விரதம்னா கவுச்சி தொடமாட்டேன் டாக்டர். மூனு வேளையும் சாப்பிடலன்னா எப்படி வேலை செய்றது?"

"அப்போ என் கேள்வித்தாள்ல விரதம்னு எழுதுனது?"

"இதான். நாங்க எல்லாருமே இதைத்தான் எழுதுனோம். வேற என்ன விரதம் இருக்கு?"

தெய்வானைக்குத் தெரிந்து வேறு விரதம் இருக்கிறது. அவள் பிறந்த செட்டியார் வீட்டில், சஷ்டி என்றால் அம்மா பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் கிடப்பாள். அந்த ஒரு வீட்டு விரதத்தை ஊர் விரதம் என்று நினைத்து, சைவம் சாப்பிட்டவர்களையெல்லாம் பட்டினிக் கணக்கில் சேர்த்திருக்கிறாள் இந்தப் படித்த மகராசி! ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? தன் தாய்மொழியில் என்ன சந்தேகம் வந்துவிடப் போகிறது என்ற மிதப்புதான்.

அப்போதுதான் அக்கா மீனாட்சி காலையில் அனுப்பிய குரல்பதிவு ஞாபகம் வந்தது. வாழ்த்துகளின் நெரிசலில் கேட்காமல் விட்டது. அழுத்தினாள்.

"உன் கட்டுரைப்படி நேத்திலேருந்து விரதம்டி. அம்மா மாதிரியே, தண்ணிகூட இல்ல. இனிப்புநீர் மாத்திரை மட்டும் விடாம போடுறேன்."

வெறும் வயிற்றில் அந்தச் சர்க்கரை வியாதி மாத்திரை இரத்தச் சர்க்கரையை இறக்கி ஆளையே சாய்த்துவிடும். அழைத்தாள். அக்கா எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டே காரை அக்கா வீடிருக்கும் டத்தோ கிராமாட்டுக்கு விட்டாள். வழியெல்லாம் வண்டிகள் நகராத ஜேம். ஸ்டியரிங்கைக் குத்திக் குத்தி, "முருகா, அவளை விட்டுடு, என்னை எடுத்துக்கோ" என்று வாய்விட்டுக் கத்தினாள்.

மீனாட்சி சமையலறைத் தரையில் சாய்ந்து கிடந்தாள். உடம்பெல்லாம் வியர்த்து, பேச்சு குழறியது.

"ஆச்சி!" நகரத்தார் வீட்டு வழக்கப்படி அவள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவாள். "ஆச்சி, இந்தச் சீனித் தண்ணியைக் குடி!"

மீனாட்சி டம்ளரைத் தள்ளினாள். "விரதத்தை... முறிக்காத. நீதானே எழுதுன..."

"நான் எழுதுனது தப்பு! உன் கால்ல விழுறேன், வாயைத் திற!"

அழுதுகொண்டே கரண்டி கரண்டியாகப் புகட்டினாள். கொஞ்ச நேரத்தில் அக்காவின் கண்ணில் தெளிவு வந்தது. தெய்வானை எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

மீனாட்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கும் எனக்கும்தானேடி தெரியும்? வாயைத் தொறக்காத. மாத்திரையை மாத்திப் போட்டுட்டேன்னு நான் சொல்லிக்கிறேன். உன் வேலை போயிடும்."

அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

"உன்னை மாதிரி எத்தனை பேரு படிச்சாங்களோ, ஆச்சி" என்று சொல்லிவிட்டு, தன்னோடு கட்டுரையில் பெயர் போட்டிருந்த பேராசிரியர் சலேஹாவை அழைத்தாள். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், இன்றைக்கே பத்திரிகைக்கும் சொல்ல வேண்டும் என்றாள். ஏன் என்று ஒன்றுவிடாமல் விளக்கினாள்.

சலேஹா முழுவதும் கேட்டுவிட்டு, மலாயில், கோபமே இல்லாமல் கேட்டார்: "எனக்குத் தமிழ் தெரியாதே தெய்வானை. உன் தமிழை நம்பித்தானே கையெழுத்துப் போட்டேன்?"