நூற்றெண்பது ராத்தல் மனு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதில், ரந்தாவுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதும் கிராணி இராஜமாணிக்கம் எழுதிய மனு நூற்றெண்பது ராத்தல் இருந்தது. ஒன்பது தாள்தான். ரப்பர் பால் நிறுக்கும் தராசிலேயே வைத்துப் பார்த்தார்கள்.

விஷயம் சின்னது. பால்வெட்டும் அர்ச்சுனனை அவசரகாலச் சட்டத்தில் பிடித்துப்போய், காலையில் எங்கே போவாய் என்று கேட்டார்கள். "காட்டுக்கு" என்றான். அங்கே யார் இருக்கிறார்கள்? "நம்ம ஆளுங்கதான், நாப்பது பேரு." மரம் நிற்கிற இடத்தைத் தோட்டத்தில் காடு என்றுதான் சொல்வோம். மொழிபெயர்த்தவன் வெளியூர்க்காரன், புலி உலவும் காடு என்று எழுதிவிட்டான். அந்தக் காட்டில் அப்போது துப்பாக்கியோடு ஒளிந்திருந்தவர்கள் கம்யூனிஸ்டுகள். ஆளைக் கப்பலேற்றி நாடுகடத்த உத்தரவானது.

சிரம்பானில் ஒரு வக்கீல், இளம் வக்கீல்களுக்கும் கிராணிகளுக்கும் சனிக்கிழமைதோறும் வகுப்பு எடுத்தார். படிக்கிறவர் மனம் இளகும்படி மனு எழுத வேண்டுமாம். இந்த வக்கீல்களை நம்பிக் கோழிக்குஞ்சைக்கூட விடமுடியாது. இராஜமாணிக்கம் நம்பினார். இங்கிலீஷில் 'தாழ்மையுடன்' ஒன்றுக்கு ஒரு ராத்தல் ஏறியது, 'மாட்சிமை தங்கிய' மூன்று ராத்தல்.

அர்ச்சுனன் மனைவி பஞ்சாலை தலையில் அடித்துக்கொண்டாள்.

"கிராணியாரே, காடுன்னா நம்ம ரப்பர் காடுன்னு ஒரு வரி எழுதுங்களேன்."

"சும்மா இரு புள்ள. மொதல்ல தொரைய குளிர வைக்கணும். விஷயம் ஒம்பதாவது தாள்ல வருது."

"குளிர வச்சு வச்சு அவருக்குச் சளி பிடிச்சிடும் லா!"

மனு லாரியில் போனது. முதல் தாளைப் புரட்டவே நான்கு போலீஸ்காரர் வேண்டியிருந்தது. ஒன்பதாவது தாளுக்கு ஒருவரும் போகவில்லை. அப்படியே திருப்பி அனுப்பினார்கள். வக்கீல் திருத்தி, பதினான்கு தாளாக்கிக் கொடுத்தார். அது ரந்தாவ் சந்திப்பில் லாரியின் அச்சை முறித்துக்கொண்டு மண்ணில் புதைந்தது. இப்படியே ஏழு மாதம் போனது.

கப்பலுக்கு ஒரு நாள் இருக்கையில் பஞ்சாலை கிராணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். கை மரியாதைச் சொல் பக்கம் போகும்போதெல்லாம் வெடுக்கென்று இழுத்தாள். கிராணிக்கு வியர்த்து ஊற்றியது. கடைசியில் மூன்று வரி நின்றது: 'எங்கள் தோட்டத்தில் காடு என்றால் ரப்பர் மரம் நிற்கும் இடம். நாற்பது பேரும் பால்வெட்டுகிறவர்கள். தோட்டத்துப் பேரேட்டில் பெயர் இருக்கிறது.' தராசு முள் அசையவேயில்லை. முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினாள்.

அதிகாரி நின்றபடியே படித்தார். பேரேட்டை வரவழைத்துப் பார்த்துவிட்டு, இதை ஏன் முன்பே எழுதவில்லை என்று அவளிடமே எரிந்து விழுந்தார்.

வெளியே வந்த அர்ச்சுனனும் அதையேதான் கேட்டான்: "ஏன்டி ஏழு மாசம்?"

"கிராணியாரு வணக்கம் சொல்லி முடிக்க வேணாமா?"

அடுத்த மாதம் வக்கீலின் வகுப்பில் கூட்டம் இரட்டிப்பானது. விசாரணை நடக்கும் கட்டடத்தில் மர மேசைகளை எடுத்துவிட்டுச் சிமெண்டு மேசை கட்டினார்கள்.